பதினொரு மணிச் சிட்டு

ஜூலை 7, திங்கள்

ஒயர் கம்பெனிக்காரர்கள் எங்கள் கடைக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மிக்ஸி ஆடாமல் இருக்க அதன் அடியில் வைத்திருந்தேன். இன்று மிக்ஸியே ரிப்பேருக்குப் போய்விட்டது, டைரிக்கு விடுதலை. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை எங்காவது சொல்லித்தானே ஆக வேண்டும். இதில் எழுதிப் பார்ப்போம்.

இன்று என் பையன் லோகித் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். இரண்டாம் வகுப்புக்கு இனிமேல் கணக்குப் படிக்க ஒரு ஆப். பெயர் சிட்டு. எங்கள் போனிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஜெபராணி டீச்சர் விளக்கிச் சொன்னார்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா கணக்கு வரும்மா. சரியாப் போட்டா அடுத்தது கொஞ்சம் கஷ்டமா வரும். தப்பாப் போட்டா லேசாத் தரும். யாருக்கு எங்க இடிக்குதுன்னு என் டேப்ல தெரிஞ்சுரும். சாயங்காலம் ஒரு இருபது நிமிசம். பிள்ளையே போடணும். நீங்க பக்கத்துல இருங்க, போதும்."

எல்லோரும் தலையாட்டினோம். என் கொழுந்தன் பெண்டாட்டி சுபாஷினி மட்டும் எழுந்து நின்று, "இதோட அல்காரிதம் எப்படி டீச்சர் வேலை செய்யுது?" என்று கேட்டாள். கூட்டமே திரும்பி அவளைப் பார்த்தது. பக்கத்திலிருந்த அம்மா என்னிடம், "உங்க வீட்டுப் பொண்ணா? இன்ஜினியரா?" என்றாள். ஆமாம் என்றேன். எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டில் மாடிப் போர்ஷனில் அவள், கீழே நான். வெளியில் போனாலும் அவள் மாடியில்தான் இருக்கிறாள்.

சாயங்காலம் இட்லிக்கு ஊற்றும்போது லோகித் மேடை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். குழிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். "ஒரு தட்டுல நாலு. இன்னொரு தட்டு, எட்டு. இன்னொண்ணு..." நிறுத்தி, கண்ணை மூடி, "பன்னெண்டு! அம்மா, நாலு நாலாத் தாவுது!" என்று கத்தினான். அப்போது கறிவேப்பிலை கேட்டு சுபா வாசலில் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. லோகித்தையே பார்த்துவிட்டு, கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் பெண் சஷ்மிதாவும் இதே வகுப்புதான். மற்றவர் பிள்ளை கெட்டிக்காரத்தனம் அவளுக்கு எதற்குப் பிடிக்கும்?

ஜூலை 13, ஞாயிறு

வகுப்பு வாட்ஸப் குரூப்பில் டீச்சர் ஒரு படம் போட்டார். பெரிய மரம். கிளை கிளையாக முப்பது சிட்டுகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிள்ளை பெயர். "இது ரேங்க் இல்லை, யாரும் ஒப்பிட வேண்டாம்" என்று கீழே எழுதியிருந்தார். அந்த வரியை யாரும் படித்திருக்க மாட்டார்கள். நான் படித்தேன், படித்த பிறகும் ஒப்பிட்டேன்.

லோகித் மூன்றாம் கிளை. சஷ்மிதா ஒன்பதாம் கிளை.

ஒன்பது! போன வருடம் வரைக்கும் பதினொன்றுக்குப் பிறகு பதிமூன்று என்று சொன்ன பிள்ளை அது.

இவரிடம் காட்டினேன். கடைக்குப் போகிற அவசரத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "மரம் நல்லாருக்கே" என்றார். மரமா இப்போது முக்கியம்? மாடியிலிருந்து சுபா சிரிக்கிற சத்தம் கேட்டது. டிவி பார்த்துக்கூட சிரித்திருக்கலாம். ஆனால் வயிறு எரிகிறவளுக்கு எல்லாச் சிரிப்பும் தன்னைப் பார்த்துத்தான்.

ஜூலை 14, திங்கள்

சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. வாசல் தெளித்துக் கோலம் போடும்போதே மாடிக்காரியின் ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு போனது. பாதிக் கோலம் சக்கரத்தோடு போய்விட்டது.

சாயங்காலம் லோகித் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் சிட்டு வந்து, "லோகித், கூடையில் ஆறு மாம்பழம். இன்னும் ஐந்து போட்டால் எத்தனை?" என்று கேட்டது. பிள்ளை ஒரு கை விரலை நீட்டினான். இன்னொரு கையை நீட்டினான். விரல் போதவில்லை. கால் பெருவிரலைப் பிடித்தான். எனக்குத் தாங்கவில்லை.

"பதினொண்ணுடா!"

"சொல்லாதம்மா! நான் எண்ணிட்டிருக்கேன்ல?"

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். அவன் எண்ணி முடிப்பதற்குள் நான் ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்துவிட்டேன். பதினொன்று வந்ததும் சிட்டு இறக்கையடித்து, "சபாஷ், லோகித்!" என்றது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வாயெல்லாம் பல்.

பள்ளிக்கூடத்திலும் நன்றாகப் போகிறதாம். "டீச்சர் என்னைய பாய்ல பக்கத்துலயே உக்கார வச்சிருக்காங்கம்மா. நான், விஷ்வா, இன்னும் மூணு பேரு. புளியமுத்து தருவாங்க. பத்துப் பத்தாக் கூட்டி வைக்கணும். டீச்சர் என் தொடையில தட்டிச் சொல்லித் தருவாங்க" என்று ஒரே பேச்சு.

புளியமுத்து, வெறும் புளியங்கொட்டை. மாடியில் ஒருத்தி ஒன்பதாம் கிளையில் இருக்கிறாள், என் பிள்ளை தரையில் உட்கார்ந்து புளியமுத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான். சுபாவின் காதில் விழாமல் இருக்க வேண்டுமே என்று கதவைச் சாத்தினேன்.

ஜூலை 22, செவ்வாய்

சமையல் முடிந்து பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். போன் கையில் இருந்தது. உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் சிட்டைத் திறந்தேன். அம்மா பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

கேட்டதெல்லாம் ஒன்றும் இல்லாத கணக்கு. பதில் தொட்டேன். சிட்டு மேலே தாவியது. இன்னொன்று. இன்னும் ஒரு தாவல். கொஞ்ச நேரத்தில் கழிப்பதும் கடன் வாங்குவதும் வந்தன. விரல் தானாகப் போனது.

ப்ளஸ் டூவில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதல். பரிசாக ஒரு சில்வர் குத்துச்சட்டி கொடுத்தார்கள். அந்தச் சட்டியில்தான் இப்போது தயிருக்கு உறை ஊற்றுகிறேன். காலேஜில் சேர்ந்த வருடமே இவருக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். போன மாதக் கல்யாணத்தில் இவர் அத்தை எங்கள் இருவரையும் யாருக்கோ அறிமுகப்படுத்தினார்: "இவ இளையவ, இன்ஜினியரு. இவ மூத்தவ, நல்லா சமைப்பா."

"சபாஷ், லோகித்!" என்றது சிட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கண்ணும் கலங்கியது. வெங்காயம் நறுக்கின கை, அதனால்தான்.

ஒரு வேடிக்கை. என் போனில் சபாஷ் சத்தம் நின்ற பிறகும் எங்கோ இன்னொரு சபாஷ் கேட்டது. பழைய வீடு, மாடிப்படி வளைவில் எதிரொலிக்கிறது போலிருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

மரம் வந்தது. லோகித் ஏழாம் கிளை!

சஷ்மிதா பதினொன்று.

இவர் இந்தத் தடவை உட்கார்ந்தே பார்த்தார். "நம்ம பயலா? பரவால்லயே!" என்று அவனைத் தூக்கிச் சுற்றினார். லோகித் சிரித்தான். இறக்கிவிட்டதும் படத்தில் தன் சிட்டைத் தேடி, "அப்பா, நான் அங்க ஏறவே இல்லையே?" என்றான். தூக்கக் கலக்கத்தில் ஏறியிருப்பாய் என்று நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

துணி காயப்போட மாடிக்குப் போனபோது சுபா வந்தாள். "லோகித் நல்லா முன்னேறிட்டான்லக்கா? ஒரே வாரத்துல நாலு கிளை." குரலில் சர்க்கரை. கண்ணில் மிளகாய்.

"என்னமோ சுபா, தானா உக்காந்து போடுதான். நான் எதுவும் கண்டுக்கிடுறதில்ல."

"இங்கயும் அப்படித்தான்க்கா. அவளாத்தான் போடுறா."

இருவரும் ஒரே கொடியில் துணியை இழுத்து இழுத்து மாட்டினோம்.

ஜூலை 30, புதன்

காலையில் நான் ஏற்றுகிறேன், சாயங்காலம் இவன் இறக்கிவிடுகிறான்.

சிட்டு இப்போது கேட்பதெல்லாம் மூன்றாம் வகுப்புக் கணக்கு. "வரிசைக்கு எட்டு மரம், ஆறு வரிசை, எத்தனை மரம்?" பிள்ளை திருதிருவென்று முழிக்கிறான். தப்பு, தப்பு, தப்பு. சிட்டு, "பரவாயில்லை, இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று தேனாகப் பேசிக்கொண்டே ஒரு கிளை கீழே வந்து உட்கார்கிறது. எனக்குத்தான் பகீரென்கிறது. மறுநாள் பதினொரு மணிக்கு அதை மறுபடி தூக்கி மேலே வைக்க வேண்டியிருக்கிறது.

அதனால் இன்று, "சார்ஜ் இல்ல, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எழுபது சதவீதம் இருந்தது.

"நேத்தும் சார்ஜ் இல்லன்னீங்க?" என்று கேட்டான். சண்டை போடவில்லை. போய் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு நின்றான்.

மாடி எதிரொலி இன்றும் கேட்டது. என் போன் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தும் கேட்டது. இந்த வீட்டுக் கட்டுமானமே சரியில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். மாடிக்கு ஒரு தூக்கில் கொடுத்துவிட்டேன். அங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. முந்திரி தாராளம். பொறாமையைத் தள்ளிவைத்துச் சொன்னால் நன்றாகவே இருந்தது.

மரமும் வந்தது. லோகித் பன்னிரண்டு. சஷ்மிதா பன்னிரண்டு!

ஒரே கிளையில் இரண்டு சிட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டுமென்றே மாடிக்குப் போய்த் தூக்குச்சட்டியைக் கேட்டு வாங்கிவந்தேன், அவள் முகத்தைப் பார்க்க. கண்ணுக்குக் கீழே கருவளையம். "உடம்புக்கு ஆகலையா சுபா?" என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன். கேட்கும்போது உள்ளே இனித்தது, அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லோகித்தைப் பாயிலிருந்து எழுப்பிப் பெரிய பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்களாம். பன்னிரண்டாம் கிளைக்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்களாம். புளியமுத்து கிடையாது. டீச்சர் பாயில் இருக்கிற பிள்ளைகளோடுதான் உட்காருவாராம்.

"சஷ்மியும் பெரிய பெஞ்சுதான்" என்றான்.

"பாத்தியா! அவளுக்குச் சமமா உக்காந்துட்ட!"

"ம்."

சட்டைக் காலரைக் கடித்துக் கடித்து நனைத்து வைத்திருக்கிறான். இது புதுப் பழக்கம். துவைக்கும்போது பார்த்தேன், இரண்டு சட்டையில் காலர் நுனி பிய்ந்திருக்கிறது. பல் விழுகிற வயது, ஊறும் போல.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் டீச்சரின் மெசேஜ். புதன்கிழமை பெற்றோர் கூட்டம். பெரிய திரையில் சிட்டைப் போட்டு, மேல் கிளையில் இருக்கிற இரண்டு பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் கணக்குப் போட்டுக் காட்டப்போகிறார்கள். லோகித். சஷ்மிதா.

இவர் அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். கடையில் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அத்தை போன் பண்ணி, "மூத்தவ புள்ளையும் கெட்டிக்காரந்தானா!" என்றார். 'புள்ளையும்' என்ற அந்த 'உம்'முக்காகவே நான் இத்தனை நாள் உயிரோடு இருந்தது போல இருந்தது.

புதன்கிழமைக்கு நாள் இருக்கிறது. சொல்லிக்கொடுத்துவிடலாம்.

ஆகஸ்ட் 9, சனி

வயிற்றுவலி என்கிறான். டாக்டர் அமுக்கிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். வாய்ப்பாடு ஆறு வரைக்கும் சொல்லிக்கொடுத்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் இட்லிக்கு ஊற்றினேன். முன்பெல்லாம் மாவுச் சட்டியின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே மேடை மேல் ஏறிவிடுவான். இன்று வரவில்லை. நானே கூப்பிட்டேன். வந்து நின்றான். மூன்று தட்டிலும் ஊற்றிவிட்டு, "எத்தனடா ராஜா?" என்று கேட்டேன்.

தட்டைப் பார்த்தான். விரலை நீட்டவில்லை. காலர் வாய்க்குப் போனது.

"நீயே சொல்லும்மா."

"நீதானடா அன்னைக்குச் சொன்ன? நாலு நாலாத் தாவுதுன்னு?"

"அது தப்பா இருக்கும். நான் போட்டா தப்புத்தான் வரும். சிட்டுக்கு என்னைப் புடிக்கல. எங்க டீச்சரும் இப்ப என்கூட உக்கார்றதில்ல." பிறகு ரொம்பப் பொறுப்பாக, யோசனை சொல்கிற மாதிரி சொன்னான்: "புதன்கிழம நீயே ஏறிப் போட்டுரும்மா. சிட்டு உன் கூடத்தான் நல்லாருக்கு."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது பார்த்தான் என்று தெரியவில்லை. கோபப்படவில்லை, அழவில்லை. நான்தான் அடுப்பு முன்னால் நின்று அழுதேன். பன்னிரண்டு இட்லியும் கல்லாகிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையிடமிருந்து பன்னிரண்டு என்கிற எண்ணைப் பிடுங்கிக்கொண்டேன் நான். எனக்கு எதற்கு அது? எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இவரிடம் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு ஜன்னல் வழியே பார்த்தேன். பாயில் நான்கு பிள்ளைகள், நடுவில் டீச்சர், மடியில் புளியமுத்து டப்பா. கடைசியில் பெரிய பெஞ்சில் சஷ்மிதா பக்கத்தில் லோகித், முதுகைக் காட்டிக்கொண்டு. கழுத்தை மட்டும் திருப்பிப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வராந்தாவில் வைத்து டீச்சரிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். ஆனாலும் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். "என் போனு... பதினொரு மணிக்கு... சும்மா பாக்கலாம்னு..."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க மூணாவதும்மா."

"என்னது டீச்சர்?"

"வந்து சொன்ன அம்மாமாருல மூணாவது ஆளு. வராதவங்க எத்தன பேரோ." சிரித்தார், ஆனால் உடனே நிறுத்திக்கொண்டார். "என் மேலயும் தப்பிருக்கு. அந்த மரத்த குரூப்புல போட்டிருக்கவே கூடாது. ஆனா நீங்க செஞ்சது என்னன்னு தெரியுதா? எந்தப் பிள்ளைக்கு நான் பக்கத்துல வேணும்னு சொல்லத்தான் அந்தச் சிட்டு. உங்க பையனுக்கு நான் வேண்டாம்னு நீங்க எனக்குச் சொல்லிட்டீங்க. நானும் நம்பி எழுப்பி விட்டுட்டேன்."

நான் நின்றபடியே அழுதேன். அவர் டேப்பில் எதையோ தட்டினார். லோகித்தின் சிட்டு முதல் கிளைக்கு வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழம படம் வேண்டாம்னு பாக்கேன்."

"போடுங்க டீச்சர்" என்றேன். எப்படித்தான் அந்த வார்த்தை வந்ததோ தெரியவில்லை. "கடைசியா ஒரு தடவ போடுங்க. அவன் எங்க இருக்கானோ அங்கயே இருக்கட்டும்."

வீடு திரும்பும்போது மணி பதினொன்று. படியில் கால் வைத்தேன். என் போன் பையில் அணைந்து கிடந்தது. மாடியிலிருந்து கேட்டது: "சபாஷ், சஷ்மிதா!"

சஷ்மிதா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். இப்போதுதான் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

எதிரொலியாம், எதிரொலி! மூன்று வாரமாக என் காதை நானே பொத்திக்கொண்டிருந்திருக்கிறேன். படியிலேயே உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். இன்ஜினியர் அம்மா! ஒன்பதாம் கிளை! டைரியிலும் பொய் எழுதுவானேன்? எனக்கு ஆனந்தமாக இருந்தது. நாளைக்கு மேடையில் அந்தப் பெண் முழிக்கும், கூட்டம் பார்க்கும், இவள் மூக்கு உடையும். நான் வாயைத் திறக்காமல் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும். மத்தியானம் முழுக்க அந்த நினைப்பிலேயே பாட்டுப் பாடிக்கொண்டு அப்பளம் பொரித்தேன்.

சாயங்காலம் சஷ்மி கீழே இறங்கி வந்தாள். அடுக்களை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து விரலிலும் நகம் இல்லை.

"பெரியம்மா, லோகித்துக்கு நாளைக்கும் வயிறு வலிக்குமா?"

"ஏன் கேக்க?"

"எனக்கும் நாளைக்கு வயிறு வலிக்கும். அம்மாட்ட சொல்லாதீங்க."

அப்பளத்தை ஒன்று கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டு மாடி ஏறினேன். ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு இனிமேல் வரவா போகிறது?

சுபா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பற்றி மட்டும் சொன்னேன். பதினொரு மணி, எழுபது சதவீத சார்ஜ், இட்லி, எல்லாம். பேசப் பேச அவள் கையில் இருந்த பாவாடை மடிந்து, பிரிந்து, மறுபடி மடிந்தது.

"அன்னைக்கு கறிவேப்பில வாங்க வந்தேன்லக்கா" என்றாள் கடைசியில். "நாலு நாலாத் தாவுதுன்னு சொன்னான்லா உங்க பையன்? அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. இவ எதையும் தானா எண்ண மாட்டாக்கா. இன்ஜினியர் பொண்ணு, இன்ஜினியர் பொண்ணுன்னு எல்லாரும் சொல்லுதாக. எனக்குப் பயமா இருந்துச்சு. நீங்க எதுவும் சொல்லிக்குடுக்காமயே அவன் அப்படி வளர்றான். எனக்கு உங்க மேல அவ்வளவு பொறாமக்கா."

என் மேல். பொறாமை. அவளுக்கு!

இதைவிட இனிப்பான வார்த்தையை இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்காக மட்டும் அழவில்லை என்று எழுதி வைக்கிறேன். இருவரும் மடித்த துணி மேல் உட்கார்ந்து அழுதோம். எல்லாம் கசங்கிப் போயிற்று.

ஆகஸ்ட் 13, புதன்

மணி அடிப்பதற்கு முன்பே சுபா டீச்சரிடம் போய்விட்டாள். "நாலாவது ஆளுன்னு சொன்னாகக்கா" என்று வந்து சொன்னாள். நான் மூன்றாவது. ஒன்று முன்னால்தான் இருக்கிறேன்.

கூட்டத்தில் பெரிய திரை இல்லை. மேடையில் பிள்ளைகள் இல்லை. டீச்சர் பொதுவாகப் பேசினார், யார் பெயரையும் சொல்லவில்லை. "சிட்டுட்ட சபாஷ் வாங்க ஆசையா இருக்கிற அம்மாமாரு வெக்கப்படாம வாங்க. உங்க பேர்லயே ஒரு சிட்டு திறந்து தாரேன். பிள்ளையோடது பிள்ளைக்கு." கூட்டம் சிரித்தது. எங்களோடு இன்னும் சில பேர் சிரிக்கவில்லை. அவர்கள் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

இவரிடம் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். சொந்தக்காரர்களுக்கு அனுப்பியதைப் போனில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "அத்தைட்ட என்ன சொல்ல?" என்றார்.

"மூத்தவ நல்லா சமைப்பான்னு சொல்லுங்க."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடைசி மரம் வந்தது. லோகித் இரண்டாம் கிளை. சஷ்மிதா நான்காம் கிளை.

நான்கா? எப்படி நான்கு? இவன் புறப்பட்ட மறுநாள்தானே அவளும் முதல் கிளையிலிருந்து புறப்பட்டாள்? ஒரு கணம் காது வரைக்கும் சூடு ஏறியது. பதினொரு மணிக்கு மாடியில் சபாஷ் சத்தம் கேட்டதே என்று யோசித்தேன். கேட்டது, ஆனால், "சபாஷ், சுபாஷினி" என்றுதான் கேட்டது. அவள் தன் பெயரில் பதினெட்டாம் கிளையில் இருக்கிறாள். நான் பதினேழு. நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

லோகித்தைப் பாய்க்கு மாற்றிவிட்டார்கள். காலர் காய்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

கரண்ட் இல்லை. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் நான்கு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். நடுப்படியில் லோகித்தும் சஷ்மியும், மேல்படியில் சுபா, கீழ்ப்படியில் நான். பிள்ளைகள் மடியில் என் போன். பக்கத்தில் டீச்சர் கொடுத்துவிட்ட புளியமுத்துப் பொட்டலம்.

"லோகித், எட்டும் ஏழும் சேர்ந்தால் எத்தனை?" என்றது சிட்டு.

என் விரல் துடித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், மேல்படியில் சுபாவும் கையைக் கட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் விடை தெரியும். இருவர் வாயும் பூட்டிக் கிடந்தது.

லோகித் எட்டு முத்தை வரிசையாக வைத்தான். கீழே ஏழு வைத்தான். பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். தெருவில் ஒரு கீரைக்காரி கூவிக்கொண்டு வந்து, பேரம் பேசி, போயும்விட்டாள். இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வரிசையிலிருந்து ஒரு முத்தை மேலே தள்ளினான். இன்னொன்றைத் தள்ளினான்.

"இங்க பாரு சஷ்மி, இது இப்ப பத்தாயிருச்சு. கீழ அஞ்சு கெடக்கு."

"அப்ப பதினஞ்சா?" என்றாள் சஷ்மி.

"இரு, இரு." முத்துகளை விரலால் தொட்டு ஒரு தடவை சரிபார்த்தான். நான் தாங்க முடியாமல் கொஞ்சம் முன்னால் குனிந்தேன். போனைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நீ தொடாதம்மா. நானே போடுதேன்."

போட்டான். பதினைந்து.

நான் வாயைத் திறப்பதற்குள், "சபாஷ், லோகித்!" என்று அந்தச் சிட்டு முந்திக்கொண்டது. அதற்கும் எனக்கும் இனிமேல்தான் போட்டி. நாளைக்கு நான் முதலில் சொல்லிவிட வேண்டும்.